ஒளி மருந்தான வரலாறு: ஆத்திரீலால் விதையிலிருந்து விருத்தாசலத்துச் சூளை வரை

மருந்து என்பது உடலினுள் சென்றதும் தன் வேலையைத் தொடங்கிவிடும் ஒரு பொருள் என்பதே பொதுவான கருத்து. இக்கருத்துக்கு அடங்காத ஒரு வகை மருந்துகள் உண்டு. அவை உடலில் சேர்ந்த பின்னும் வாளாவிருக்கும். குறிப்பிட்ட நிறமுடைய ஒளி அவற்றின்மீது விழும்போது மட்டுமே அவை விழித்தெழுந்து செயற்படும். ஒளி விழாத இடத்தில் அவற்றால் நன்மையுமில்லை, தீமையும் பெரும்பாலும் இல்லை. நுண்ணுயிர்களைக் கொல்லவும் புற்றுக்கட்டிகளை அழிக்கவும் இத்தகைய பொருள்களை இன்றைய மருத்துவம் பயன்படுத்துகின்றது.

இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் இரு முனைகளில் வழுக்கி விழுவதைக் காண்கிறோம். மேலைநாட்டு நூல்கள் பல 1900ஆம் ஆண்டின் ஜெர்மனியிலிருந்து கதையைத் தொடங்கி, அதற்கு முந்தியவற்றை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. நம்மவருள் சிலரோ, இன்றைய கண்டுபிடிப்புகள் யாவும் நம் முன்னோர் ஏட்டில் ஏற்கெனவே இருந்தவைதாம் என்று கூறி மனநிறைவு கொள்கின்றனர். இரண்டும் வரலாறாகா. முன்னோர் எதைக் கண்டனர், எதைக் காணவில்லை என்பதைப் பிரித்தறிவதே அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை. அந்நோக்கில் இக்கதையின் முக்கியமான கட்டங்களை இங்கே பார்ப்போம்.

பரஸ் எனும் நோயும் அதன் பெயரும்

ஒளியும் மருந்தும் முதன்முதலில் கைகோத்தது புற்றுநோய்க்காக அன்று. தோலில் வெண்ணிறத் திட்டுகள் தோன்றும் நோய்க்காகவே. அரபு மருத்துவ நூல்கள் இதனைப் 'பரஸ்' என்றழைத்தன. மேலோட்டமான நிறமாற்றத்தைப் 'பஹக்' என்றும், ஆழப் பதிந்த வெண்மையைப் 'பரஸ்' என்றும் இப்னு ஸீனா போன்றோர் வேறுபடுத்தினர். தொழுநோய்க்கு அவர்கள் வழங்கிய பெயர் 'ஜுதாம்' என்பதாகும்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. திருக்குர்ஆனின் 3:49, 5:110 ஆகிய வசனங்களில், ஈஸா (அலை) அவர்கள் இறைவனின் அனுமதியுடன் 'அப்ரஸ்' நோயாளரைக் குணப்படுத்தியமை குறிப்பிடப்படுகின்றது. தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இச்சொல் 'வெண்குஷ்டரோகி' என்று இடம்பெற்றுள்ளது. 'குஷ்டம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டதும், தொற்றாத ஒரு நோய் தொற்றுநோயின் நிழலுக்குள் தள்ளப்பட்டுவிட்டது. தொழுநோய்க்குக் காரணம் 1873இல் ஹான்சன் கண்ட நுண்ணுயிர். வெண்திட்டு நோய்க்குக் கிருமியே இல்லை. நிறமியை உண்டாக்கும் உயிரணுக்களை உடலின் தற்காப்பு அமைப்பே தவறுதலாக அழிப்பதால் அது விளைகின்றது. தொட்டால் ஒட்டாது. எனினும் இந்தப் பெயரால் திருமணம் தடைப்பட்ட பெண்களும், விருந்தில் ஒதுக்கி வைக்கப்பட்டோரும் நம் சமூகத்தில் எத்தனையோ பேர். தமிழ்நாட்டில் 'வெண்புள்ளி' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவர எடுக்கப்பட்ட முயற்சிகளைப் பாராட்டும் நாம், அரபு மூலச்சொல் முன்பே பேணிய வேறுபாட்டை நம் மொழிபெயர்ப்பு ஏன் தவறவிட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இப்னுல் பைத்தார் எழுதி வைத்தது

ஒளி என்றதும் இப்னுல் ஹைஸமின் பெயர் நினைவுக்கு வருவது இயல்பு. அவர் ஆராய்ந்தது ஒளி எவ்வாறு பயணிக்கின்றது, கண் எவ்வாறு காண்கின்றது என்பதையே. ஒளி உடலில் என்ன செய்கின்றது என்ற கேள்விக்கு நாம் நாடவேண்டியவர் அந்தலூஸின் மாலகா நகரிற் பிறந்த தாவரவியலாளர் ளியாவுத்தீன் இப்னுல் பைத்தார். அந்தலூஸிலிருந்து வட ஆப்பிரிக்கா வழியாகக் கிழக்கு நோக்கிப் பயணித்த அவர், எகிப்தில் ஐயூபி ஸுல்தான் அல்காமிலின் அவையில் மூலிகை அறிஞர்களின் தலைவராக விளங்கினார். ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) டமஸ்கஸில் மறைந்தார். மருத்துவர் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ அவருடைய மாணவர். டமஸ்கஸின் சுற்றுப்புறங்களில் ஆசிரியருடன் சென்று செடிகளை நேரில் கண்டறிந்த அனுபவத்தை அவர் பதிவு செய்துள்ளார்.

இப்னுல் பைத்தாரின் 'அல்ஜாமிஉ லிமுஃப்ரதாத்தில் அத்விய வல் அக்திய' எனும் பெருநூல் சுமார் 1,400 மருந்துப் பொருள்களையும் உணவுப் பொருள்களையும் அகர வரிசையில் விளக்குகின்றது. தமக்கு முன் எழுதியோரின் கூற்றுகளைப் பெயர் சொல்லி எடுத்தாள்வதும், தாம் நேரில் கண்டதைத் தனியே குறிப்பதும் அவரது முறை. அந்நூலில் 'ஆத்திரீலால்' என்ற பெர்பர் மொழிப் பெயரில் ஒரு செடி வருகின்றது. பறவையின் கால் என்பது அப்பெயரின் பொருள். கொத்தமல்லி, சீரகம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடியைத் தாவரவியலார் இன்று அம்மி மாஜஸ் என்பர்.

வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெர்பர் குலத்தார் இவ்விதையின் பயனைத் தமக்குள் இரகசியமாகக் காத்து வந்ததையும், பின்னர் அது வெளியே பரவியதையும் அவர் விவரிக்கின்றார். விதைத் தூளை உட்கொண்ட நோயாளி, திட்டுகள் உள்ள பகுதியை வெயிலில் காட்டியபடி அமர்ந்திருக்க வேண்டும். அவ்விடத்தில் கொப்புளம் எழும். கொப்புளம் ஆறியபின் தோல் தன் இயல்பான நிறத்துக்குத் திரும்பும் என்பது அச்சிகிச்சையின் சாரம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மருந்து, வெயில் என்ற இரண்டும் தனித்தனிச் சிகிச்சைகளாகக் கூறப்படவில்லை. மருந்து உட்சென்ற பிறகே வெயில். அந்த வெயிலும் திட்டு உள்ள இடத்துக்கே. இன்று ஒளிமருத்துவம் பின்பற்றும் அதே வரிசைமுறை இது. ஆனால் விதையில் செயற்படும் பொருள் யாது, சூரிய ஒளியின் எப்பகுதி அதை எழுப்புகின்றது, அது உயிரணுவில் என்ன செய்கின்றது என்ற கேள்விகள் அன்று எழவில்லை. எழுவதற்கான கருவிகளும் இல்லை. செய்முறையைக் கண்ட பெருமை அவர்களுடையது. காரணத்தைக் கண்ட பெருமை பிற்காலத்தாருடையது.

கார்போகரிசி

அதே நோய்க்கு, அதே வழியில், முற்றிலும் வேறொரு செடியை இந்தியத் துணைக்கண்டத்தார் கண்டிருந்தனர். சித்த மருத்துவத்தில் கார்போகரிசி அல்லது கார்போகி என்றும், வடமொழியில் வாகுசி என்றும், யூனானி மருந்துக் கடைகளில் பாப்சி என்றும் வழங்கும் கருநிற விதையே அது. செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆத்திரீலாலுக்கும் அதற்கும் தாவரவியல் உறவு ஏதுமில்லை. யூனானி மருத்துவர்கள் இந்திய மண்ணில் வேரூன்றியபோது தம் நூல்களின் 'பரஸ்' நோய்க்கு இம்மண்ணின் பாப்சியைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டனர். ஹைதராபாத்தின் மத்திய யூனானி ஆராய்ச்சி நிறுவனம் வெண்திட்டு நோய்ச் சிகிச்சைக்காகவே நாடெங்கும் அறியப்பட்டது. சென்னை அரும்பாக்கத்தில் 1979இல் தொடங்கப்பட்ட அரசு யூனானி மருத்துவக் கல்லூரியின் மூலம் இம்மரபு தமிழ்நாட்டிலும் பயிற்றப்படுகின்றது.

1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் ஆகிய மூன்று இந்திய வேதியியலாளர்கள் இவ்விதையிலிருந்து ஒரு தூய பொருளைப் பிரித்தெடுத்தனர். செடியின் இலத்தீன் பெயரான ஸோராலியாவையொட்டி அதற்கு 'ஸோராலென்' என்ற பெயர் அமைந்தது. பின்னர் ஆத்திரீலால் விதையிலிருந்து பிரிக்கப்பட்டதும் இதே ஸோராலென் குடும்பத்துப் பொருளே. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டு மருத்துவர்கள், உறவற்ற இரு செடிகளிலிருந்து, ஒரே வகை வேதிப்பொருளை ஒரே நோய்க்குத் தேர்ந்திருந்தனர் என்பது மருத்துவ வரலாற்றின் வியத்தகு நிகழ்வுகளுள் ஒன்றாகும்.

கெய்ரோவில் மறுபிறப்பு

20ஆம் நூற்றாண்டிலும் எகிப்தின் நாட்டு மருந்துக் கடைகளில் ஆத்திரீலால் தூள் விற்கப்பட்டு வந்தது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாமலும், முன்னோர் சொன்னதாலேயே சரியென்று கொள்ளாமலும் சோதித்துப் பார்க்க முற்பட்டவர் கெய்ரோப் பல்கலைக்கழகத்தின் தோல்நோய் மருத்துவர் அப்துல் முன்இம் அல்முஃப்தி. 1947இல் எகிப்திய வேதியியலாளர் ஃபஹ்மியும் அவர்தம் குழுவினரும் விதையிலிருந்து செயற்படு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதில் முக்கியமானது இன்று 8-மெதாக்ஸிஸோராலென் எனப்படுவது. அதை நோயாளர்க்குக் கொடுத்து, ஒளியில் காட்டி, கண்ட பயனை அல்முஃப்தி 1948இல் எகிப்திய மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்.

ஸோராலென் செயற்படும் விதம் பின்னர் தெளிவாயிற்று. அதன் மூலக்கூறு தட்டையானது. மரபுப்பொருளான டி.என்.ஏ. இழைகளின் படிகளுக்கிடையே அது நுழைந்து கிடக்கும். புற ஊதாக் கதிரின் நீண்ட அலைப்பகுதி அதன்மேல் பட்டவுடன் அது இரு இழைகளையும் இறுகப் பிணைத்துவிடும். பிணைக்கப்பட்ட உயிரணு பெருக இயலாது. ஒளி நின்றதும் புதிய பிணைப்புகள் உண்டாவதும் நின்றுவிடும். வெண்திட்டில், மயிர்க்கால்களில் எஞ்சியுள்ள நிறமி அணுக்களை இச்சிகிச்சை தூண்டி வெளிவரச் செய்கின்றது.

1974இல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவர் குழு இம்மருந்தையும் செயற்கைப் புற ஊதா விளக்குகளையும் சேர்த்துச் செதில்படை நோய்க்குப் பயன்படுத்தியது. இந்தியாவிற் பிறந்த மதுகர் பதக் அக்குழுவில் ஒருவர். அடுத்த பெரும் அடி 1987இல் வைக்கப்பட்டது. தோலைத் தாக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் எடெல்ஸனும் உடனிருந்தோரும் நோயாளியின் இரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களை ஸோராலென் மருந்துடன் ஒளியில் காட்டி, மீண்டும் உடலுக்குள் செலுத்தினர். மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதனை ஏற்றது. வெண்திட்டுக்காக வெயிலில் அமர்ந்தோரின் விதை, இவ்வாறு புற்றுநோய் மருத்துவத்துக்குள் நுழைந்தது.

நுண்ணுயிர்களுக்கு எதிராகவும் அதே குடும்பம் பயன்பட்டது. தானமாகப் பெறும் இரத்தத்தின் தட்டணுக்களைக் குளிரூட்டி வைக்க இயலாது; அறை வெப்பத்திலேயே அசைத்து வைக்க வேண்டும். அதனால் அதில் கிருமிகள் பெருகும் அபாயம் மிகுதி. அமோட்டோஸாலென் எனும் ஸோராலென் வகையை அதில் கலந்து புற ஊதா ஒளி பாய்ச்சினால், வைரஸும் பாக்டீரியாவும் தம் மரபுப்பொருள் பிணைக்கப்பட்டுச் செயலிழக்கும். தட்டணுவுக்கு உட்கரு இல்லையாதலால் அதன் பணி கெடுவதில்லை. ஐரோப்பாவில் 2002 முதலும் அமெரிக்காவில் 2014 முதலும் இம்முறைக்கு ஒப்புதல் உண்டு.

மியூனிச்சில் ஓர் இடிமழை நாள்

இதற்கு இணையாக மற்றொரு கிளை ஜெர்மனியில் தோன்றி வளர்ந்தது. 1897-98ஆம் ஆண்டுகளில் மியூனிச் நகரில் பேராசிரியர் தாப்பைனரின் மாணவர் ஆஸ்கர் ராப், அக்ரிடின் எனும் சாயம் பரமீசியம் என்ற ஓரணு உயிரியைக் கொல்லும் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். சாயத்தின் அளவு மாறாதிருந்தும் உயிரிகள் இறக்கும் நேரம் நாளுக்கு நாள் வேறுபட்டது. இடிமழையால் வானம் இருண்டிருந்த ஒரு நாளில் அவை நெடுநேரம் பிழைத்திருந்தன. கொன்றது சாயம் மட்டுமன்று, சாயத்தின் மீது விழுந்த ஒளியே என்ற முடிவை ராப் 1900இல் வெளியிட்டார். 1903இல் தாப்பைனரும் ஜெசியோனெக்கும் இயோஸின் சாயத்தைத் தோற்கட்டிகள் மீது தடவி ஒளியில் காட்டினர். இவ்வினைக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும் என்பதைத் தாப்பைனரும் யோட்ல்பவரும் நிறுவினர். சாயம், ஒளி, ஆக்சிஜன் என்ற மூன்றும் ஓரிடத்தில் கூடவேண்டிய இச்செயலுக்கு அவர்கள் இட்ட பெயரே ஒளியியக்க வினை என்பது.

ஸோராலென் நேரே மரபுப்பொருளைப் பிடிக்கின்றது. அதன் முக்கிய வினைக்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஒளியியக்கச் சாயங்களோ ஒளியின் ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகின்றன. அவ்வாறு கிளர்ந்த ஆக்சிஜன் அருகிலுள்ள உயிரணுவின் சவ்வையும் புரதத்தையும் சிதைக்கின்றது. ஆகவே ஆத்திரீலாலை ஒளியியக்கச் சிகிச்சையின் முழுமையான முன்னோடி என்று கூறுவது வேதியியல் நோக்கில் பொருந்தாது. ஒளியால் விழித்தெழும் மருந்து எனும் பெருங்குடும்பத்தின் முன்னோடி என்பதே சரியான கூற்று.

இம்மருந்துகளின் ஆற்றலை ஒருவர் தம் உடலிலேயே கண்டறிந்தார். 1912இல் ஜெர்மானிய மருத்துவர் மேயர்-பெட்ஸ், இரத்தத்தின் செந்நிறப் பொருளிலிருந்து பெறப்படும் ஹீமட்டோபோர்ஃபிரினில் 200 மில்லிகிராமைத் தமக்குத் தாமே ஊசியாகச் செலுத்திக்கொண்டார். வெயில் பட்ட முகமும் கைகளும் வீங்கின. இரண்டு திங்கள் அளவும் அவர் வெளிச்சத்துக்கு அஞ்சி வாழ நேர்ந்தது.

அதே பொருளின் வழிவந்த ஒரு கலவை புற்றுக்கட்டியில் தங்கி ஒளிர்வதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லிப்ஸன் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார். பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் தாமஸ் டோஹர்ட்டி அதனைச் சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். 1978இல் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி, 25 நோயாளிகளின் 113 கட்டிகளுள் 111 முழுமையாகவோ பகுதியாகவோ கரைந்தன. 1993இல் கனடா இம்மருந்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு ஏற்றது. 1995இல் அமெரிக்கா உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஏற்றது. 2020இல் ஜப்பான், புற்றணுவைத் தேடிச் சென்று ஒட்டும் எதிர்ப்புரதத்துடன் ஒளியுணரும் சாயத்தைப் பிணைத்த புதிய மருந்தைத் தலை, கழுத்துப் புற்றுக்கு ஏற்றது.

சிகிச்சையின் எல்லை ஒளியின் எல்லையே. சிவப்பொளிகூடத் திசுவினுள் சில மில்லிமீட்டர் முதல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரைதான் பயனுறச் செல்லும். உடலெங்கும் பரவிய புற்றுக்கு இது மருந்தாகாது. மேற்பரப்பிலும், குழாய் வழியே ஒளியைக் கொண்டுசெல்லக் கூடிய உறுப்புகளிலும்தான் இது சிறக்கும். புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று மிகுந்துள்ள நம் நாட்டுக்கு இது முக்கியமான செய்தி. வாய், ஒளி எளிதில் சென்றடையும் இடம். இந்தூரின் ராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையம் பச்சையத்திலிருந்து பெறப்படும் குளோரின் வகைப் பொருளையும், திருவனந்தபுரத்தின் தேசிய ஆய்வு நிறுவனம் ஸ்குவாரைன் சாயங்களையும் இந்நோக்கில் ஆராய்ந்துள்ளன. எனினும், சாதாரண அரசு மருத்துவமனையின் வாசலை இச்சிகிச்சை இன்னும் எட்டவில்லை.

பெய்ரூத்தும் வேலூரும்

விலையுயர்ந்த லேசர் கருவிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், ஒளியின் மிக எளிய மருத்துவப் பயனை மறந்துவிடுவோம். லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலத்தில், பெய்ரூத்தின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்திம் அக்ராவும் அவர்தம் தோழரும் ஒரு கேள்வியை எழுப்பினர். வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கும் நீரே அசுத்தமானால் என் செய்வது? ஒளிபுகும் குப்பியில் அந்நீரை நிரப்பி வெயிலில் வைத்தாலே கிருமிகள் மடிவதை அவர்கள் கண்டு, 1980இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். இங்கு மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை. புற ஊதாக் கதிர் கிருமியின் மரபுப்பொருளை நேரே சிதைப்பதோடு, நீரில் இயல்பாகக் கரைந்துள்ள பொருள்களும் கிருமியின் உடலிலேயே உள்ள நிறமிகளும் ஒளியை ஏற்று ஆக்சிஜனைக் கிளர்த்துகின்றன. வெப்பமும் துணை நிற்கின்றது.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே இம்முறையைச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வெயிலில் வைத்த நீரைப் பெற்ற குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது. அக்குழந்தைகளுள் பெரும்பாலானோர் வேறு நீரையும் இடையிடையே அருந்தியிருந்தும் இப்பயன் கிட்டியது. ஒரு குப்பியும் கூரைமேல் சற்று இடமும் மட்டுமே இதற்கான செலவு.

நம் சமையலறை மஞ்சளுக்கும் இதில் இடமுண்டு. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், நீல ஒளியில் பாக்டீரியாவைக் கொல்லும் என்பது 1989இல் ஆய்வக அளவில் காட்டப்பட்டது. இதிலிருந்து மஞ்சள் பூசி வெயிலில் நின்றால் நோய் தீரும் என்று முடிவுகட்டலாகாது. ஆய்வகக் குப்பியில் நிகழ்வது வேறு, மனித உடலில் நிகழ்வது வேறு.

விருத்தாசலத்துச் சூளை

ஒளியால் விழித்தெழும் பொருள்கள் செடிகளிலும் சாயங்களிலும் மட்டுமல்ல, மண்ணிலும் உண்டு. டைட்டானியம் டைஆக்சைடு எனும் வெண்பொருள் வண்ணப்பூச்சிலிருந்து பற்பசை வரை எங்கும் கலந்திருப்பது. அதன் மூலத்தாதுவான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் நிறைந்துள்ளது. 1972இல் டோக்கியோவின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், ஒளிபட்ட டைட்டானியம் டைஆக்சைடு நீரைப் பிளப்பதைக் காட்டினர். 1985இல் மட்ஸுநாகாவும் உடனுழைத்தோரும் அதன் துகள்கள் ஒளியில் நுண்ணுயிர்களைக் கொல்வதை நிறுவினர். 1992இல் ஃபுஜிஷிமா குழுவினர் ஆய்வகத்தில் வளர்த்த புற்றணுக்களும் அவ்வாறே மடிவதைக் காட்டினர். புற்று மருத்துவத்தில் அது மேலும் செல்லவில்லை. ஆனால் ஜப்பானிய நிறுவனங்கள் 1990களில் அதைச் சுவர் ஓட்டின்மேல் படரச் செய்து, ஒளிபட்டால் கிருமியைக் கொல்லும் பீங்கான் ஓடுகளாக விற்பனைக்குக் கொண்டுவந்தன.

இவ்விடத்தில் தான் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் நம் கவனத்துக்கு வருகின்றது. திருமுதுகுன்றம் என்ற பழம்பெயருடைய, மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த இந்நகரம், தமிழ்நாட்டில் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். மின்சாரப் பியூஸ் கட்டைகள், கோப்பைகள், அகல்கள், பொம்மைகள் எனப் பலவும் இதன் சிறு தொழிற்கூடங்களில் உருவாகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசு நிறுவனமும் இங்குண்டு. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள படிவுகளில் வெண்களிமண் கிடைப்பது இத்தொழிலுக்கு வாய்ப்பாயிற்று.

ஒளியால் இயங்கும் பீங்கானைச் செய்வதிலுள்ள முதற்சிக்கல் சூளையின் வெப்பமே. டைட்டானியம் டைஆக்சைடு பல படிக வடிவங்களில் உள்ளது. ஒளியில் மிகுதியாகச் செயற்படுவது அனடேஸ் எனும் வடிவம். பீங்கான் வேகும் 1,200 பாகை செல்சியஸ் அளவான வெப்பத்தில் அது ரூட்டைல் என்ற வடிவத்துக்கு மாறித் தன் ஆற்றலை இழக்கும். ஆகவே பாண்டத்தை மெருகுப்பூச்சுடன் முழுமையாகச் சுட்டு ஆறவைத்து, அதன்பின் இப்பொருளை மேலே படரவிட்டு, குறைந்த வெப்பத்தில் இரண்டாம் முறை சுடவேண்டும். இருளிலும் கிருமியை அடக்க வெள்ளி அல்லது செம்பைச் சிறிதளவு சேர்ப்பதும் உண்டு.

இஸ்லாமியக் கலை வரலாறு கற்றவர்க்கு இச்செய்முறை புதிதாகத் தோன்றாது. 9ஆம் நூற்றாண்டின் ஈராக்கிலும், பின்னர் ஈரானின் காஷான் நகரிலும் மின்னும் பாண்டங்களைச் செய்த குயவர்கள் இதே வரிசையைத்தான் பின்பற்றினர். வெண்மெருகிட்ட பாண்டத்தை முதலில் முழுமையாகச் சுட்டனர். பின் வெள்ளி, செம்பு ஆகியவற்றின் சேர்மங்களால் அதன்மேல் எழுதினர். மீண்டும் மென்வெப்பத்தில், புகை மண்டிய சூளையில் சுட்டனர். உலோகத்தின் மிக நுண்ணிய துகள்கள் மெருகுக்குள் பதிந்து பொன்போல் மின்னின. காஷானின் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம், ஹிஜ்ரி 700இல் (கி.பி. 1301) இத்தொழில் குறித்து எழுதிய குறிப்பு இன்றும் கிடைக்கின்றது. அவர்கள் நாடியது அழகு. ஜப்பானியர் நாடியது தூய்மை. நோக்கம் வேறாயினும் சூளையின் இலக்கணம் ஒன்றே. ஆயத்தமான மேற்பரப்பின்மேல் இரண்டாம் நெருப்பால் புதியதோர் இயல்பை ஏற்றும் அந்நுட்பம், தேநீர்க் கோப்பையில் பொன்கரை இட்டுச் சுடும் சாதாரணப் பீங்கான் தொழிலாளிக்கும் அந்நியமானதன்று.

விருத்தாசலம் போன்ற ஊரில் இத்தகைய ஓடுகளைச் செய்ய இயலாதா என்ற கேள்வி இயல்பாகவே எழும். தாது நம் கடற்கரையில் உள்ளது. களிமண் அருகில் உள்ளது. சூளையறிவு கையில் உள்ளது. ஆயினும் வரம்புகளை மறைக்கலாகாது. அனடேஸுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். அறைவிளக்கில் அது மிகக் குறைவு. எனவே இவ்வோடு பதித்த மருத்துவமனையிலும் துடைப்பமும் சோப்பும் ஓய்வெடுக்க முடியாது. வெயில் நேரே விழும் இடங்களில்தான் அதன் பயன் முழுமை பெறும்.

இருபுறமும் கூரிய கத்தி

ஒளிமருத்துவத்தின் மறுபக்கத்தைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. ஸோராலென் உயிரணுவின் மரபுப்பொருளையே தொடுவது. அம்மருந்தும் புற ஊதா ஒளியும் சேர்ந்த சிகிச்சையை நெடுங்காலம் பெற்றோரிடையே தோற்புற்று மிகுதியாகத் தோன்றியமையை அமெரிக்காவில் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வு காட்டியது. புற்றுக்கு மருந்தான பொருளே புற்றுக்கு வழியும் அமைக்கின்றது. இதனால் இன்று வெண்திட்டுச் சிகிச்சையில், ஸோராலென் இன்றி 311 நானோமீட்டர் அளவுடைய குறுகிய புற ஊதாக் கதிரை மட்டும் பயன்படுத்தும் முறையே பெரிதும் விரும்பப்படுகின்றது. 1997இல் நெதர்லாந்து மருத்துவர்கள் அதன் பயனை எடுத்துக்காட்டினர்.

கார்போகரிசி எண்ணெயைக் கடையில் வாங்கித் தடவி, அளவறியாமல் உச்சிவெயிலில் நிற்போர் தீக்காயம்போன்ற கொப்புளங்களுக்கு ஆளாவது இன்றும் நடக்கின்றது. பெர்காமட் எண்ணெய் கலந்த வாசனைத் திரவியத்தைக் கழுத்தில் பூசி வெயிலில் சென்றோர்க்குக் கருந்தடம் படிவதை ஐரோப்பிய மருத்துவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டனர். காரணம் அதே ஸோராலென் குடும்பம்தான். அத்தர் விரும்பும் நம்மவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. கொப்புளம் எழும் என்று இப்னுல் பைத்தார் மறைக்காமல் எழுதியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. நன்மையைச் சொன்ன இடத்திலேயே அதன் விலையையும் அவர் சொன்னார்.

முடிவாக

பெர்பர் குலத்தாரின் இரகசியம் இப்னுல் பைத்தாரின் ஏட்டில் ஏறியது. அந்த விதை கெய்ரோவில் சோதனைக்கு உள்ளானது. பின்னர் ஹார்வர்டிலும் உலகெங்கும் மருந்தாயிற்று. இவ்வரலாற்றில் எந்த ஒரு சமூகமும் தனியே உரிமை கொண்டாட இடமில்லை. எழுதி வைத்தவர் இல்லையெனில் சோதித்தவருக்கு வழியில்லை. சோதித்தவர் இல்லையெனில் எழுதியது ஏட்டிலேயே உறங்கியிருக்கும்.

நம் முன்னுள்ள பணி இரண்டு. ஒன்று, அரபு, பாரசீக, உருது மருத்துவ ஏடுகளிலும் தமிழ்ச் சித்த ஏடுகளிலும் உள்ள செடிப்பெயர்களைத் தாவரவியல் துல்லியத்துடன் இனங்காணுதல். பெயர் குழம்பினால் மருந்தும் குழம்பும். மற்றொன்று, அல்முஃப்தி செய்ததுபோல் அவற்றை இன்றைய அளவைகளால் சோதித்து, பயன் தருவதை ஏற்றுத் தராததை விடுத்தல். இவற்றுக்கெல்லாம் முன்பே இன்று நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தோலில் வெண்திட்டு உடையவரைக் 'குஷ்டம்' என்ற சொல்லால் சுட்டுவதை நம் வீட்டிலும் பள்ளிவாசலிலும் திருமணப் பேச்சிலும் நிறுத்திவிடலாம். அதற்கு விதையும் வேண்டா, விளக்கும் வேண்டா.